ஒரு காசுப் பத்திரிகையும் நான்கு பக்க ஏடும்



பிள்ளைகளிடம் வாசிக்கும் பழக்கத்தை வளர்ப்பது பற்றிச் சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதைப் படித்த தாயார் ஒருவர் இப்படி ஒரு கடிதம் போட்டிருக்கிறார்: "பிள்ளைகள் வாசிப்பது இருக்கட்டும் ஐயா. எங்கள் தோட்டத்து இளைஞர்கள் நாலு பேர் சேர்ந்து ஓர் ஏடு நடத்துகிறார்கள். ஆசையோடு தொடங்கினார்கள். இப்போது வாங்க ஆளில்லை என்று சோர்ந்து கிடக்கிறார்கள். அதை வளர்க்க ஒரு வழி சொல்லக்கூடாதா?"

சொல்லக்கூடாது என்று ஒன்றும் இல்லை. ஏடு தொடங்குவது கலியாணம் செய்வது போல. ஒரு நாள் கூத்து. அதை வளர்ப்பது குடும்பம் நடத்துவது போல. அங்கேதான் பாடு இருக்கிறது. ஏட்டில் படித்த உபதேசத்தைச் சொல்வதை விட, எங்கள் தோட்டத்தில் நடந்ததையே சொல்லிவிடுகிறேன். அதில் என்னுடைய தவறும் ஒன்று உண்டு. அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

என்னிடம் படித்த பெண் ஒருத்தி ஐந்தாம் படிவம் முடித்துவிட்டுப் பட்டணத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். தகப்பனார் செம்பனை வெட்டுகிறவர். எங்கள் தோட்டத்தில் பாதிப் பேர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் இன்னும் லயத்தில் இருக்கிறார்கள். இரண்டு பக்கத்தையும் இணைக்க ஓர் ஏடு வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்கு ஆசை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, நான்கு பக்கத்தைத் தன் கையால் எழுதி, நாற்பது படி எடுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா அன்று எல்லார் கையிலும் கொடுத்தாள். வாங்கியவர்கள் எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கினார்கள்.

அன்று இரவே கோயில் வாசலில் கச்சான் வாங்கப் போனாள். கச்சான்காரர் சுருட்டிக் கொடுத்த பொட்டலத்தைப் பார்த்தால், அவளுடைய தலையங்கம்!

மறுநாள் பள்ளி முடிகிற நேரத்தில் என்னிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"யாரும் படிக்கல சார். கச்சான் மடிக்கத்தான் லாயக்குன்னு ஆயிப்போச்சு. இதோட விட்டுடப் போறேன்."

"விடுவதை அப்புறம் விடலாம். முதலில் அந்த ஏட்டைக் காட்டும்மா" என்றேன்.

கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. முதல் பக்கத்தில் தமிழா விழித்தெழு என்று தலையங்கம். இரண்டாம் பக்கத்தில் அவள் எழுதிய கவிதைகள் மூன்று. மூன்றாம் பக்கத்தில் உலக அதிசயங்கள். நான்காம் பக்கத்தில் பொன்மொழிகளும் சிரிப்புத் துணுக்குகளும். பிழை என்று சுட்டிக்காட்ட ஒன்றும் இல்லை.

"இந்த நாலு பக்கத்தில் நம் தோட்டத்து ஆள் ஒருவர் பெயராவது இருக்கிறதா, பார்" என்றேன்.

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கடைசிப் பக்கத்தின் அடியில் அவள் பெயர் ஒன்றுதான் இருந்தது.

அப்போது அவளுக்கு ஒரு பழைய கதையைச் சொன்னேன். உங்களில் மூத்தவர்களுக்குத் தெரிந்த கதைதான். இளையவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன்.

நம் நாட்டுப் பக்கத்தில் தமிழ்ப் பத்திரிகை தொடங்கியவர்களுக்குக் குறைவே இருந்ததில்லை. சிங்கப்பூரில் 1887-ஆம் ஆண்டிலேயே ‘சிங்கை நேசன்’ வெளிவந்தது. 1890-இல் நின்றுவிட்டது. அதற்கு முன்னும் பின்னும் வந்து மறைந்தவை பல. கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கிய ‘தமிழ் நேசன்’ நெடுங்காலம் தாக்குப்பிடித்தது. அதுவும் 2019-இல் நின்றுபோனது. பத்திரிகைக்கு ஆயுள் சம்பாதிப்பது அத்தனை கடினம்.

1935-ஆம் ஆண்டு ஜூலை 6-ஆம் தேதி சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ பிறந்தது. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வார ஏடாக அதைத் தொடங்கியவர் கோ. சாரங்கபாணி. திருவாரூரில் பிறந்து, 1924-இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கு வந்த இளைஞர் அவர். ஏட்டின் விலை என்ன தெரியுமா? ஒரே ஒரு காசு. கூலி வேலை செய்கிறவனும் வாங்கட்டும் என்று வைத்த விலை. பிறகு பணமுடை வந்தது. சாரங்கபாணி ஏட்டைத் தம் தலைமேல் ஏற்றுக்கொண்டார். 1937-இல் அது நாளிதழாயிற்று. ஜப்பானியர் காலத்தில் நின்றது. போர் முடிந்த பின் மீண்டும் எழுந்தது. 2025-இல் 90 ஆண்டைத் தொட்டுவிட்டது.

ஒரு காசு விலை மட்டுமா அதை வளர்த்தது? மலிவாகக் கிடைப்பதை எல்லாம் மனிதன் வாங்கிவிடுவானா? நம் பெண்ணின் ஏடு இலவசமாகக் கிடைத்தும் பொட்டலமாகத்தானே போயிற்று!

முரசு மக்களுக்கு உதவுகிற செய்தியைச் சொன்னது. இந்த மண்ணில் நிலைத்து வாழப் போகிறவர்கள் குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று சாரங்கபாணி ஓயாமல் வற்புறுத்தினார். அன்று அந்தச் சொல்லைக் கேட்டுப் பதிந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது எத்தனை பெரிய உதவி என்று எண்ணிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. வாசகரை அது வெறும் வாசகராகவே வைத்திருக்கவில்லை. 1950-களில் மாணவர்களுக்கென்று ‘மாணவர் மணிமன்றம்’ என்ற பகுதியைத் தொடங்கிற்று. பள்ளிப் பிள்ளைகள் எழுதி அனுப்பினார்கள். தங்கள் பெயரை அச்சில் கண்டார்கள். ஒரு பிள்ளையின் பெயர் வந்தால் அந்த வீடே பத்திரிகை வாங்காதா? ஏட்டின் பகுதியாக இருந்தது ஊருக்கு ஊர் மன்றமாக மாறி, பின்னாளில் இளைஞர் இயக்கமாகவும் வளர்ந்தது. அதே காலத்தில், மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய இயல் துறை நூலகத்துக்காகத் ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று முரசு நிதி திரட்டியபோது, சாதாரண உழைப்பாளிகளும் தங்கள் பங்கைக் கொடுத்தார்கள். தங்கள் பத்திரிகை கேட்கிறது என்று கொடுத்தார்கள்.

தமிழ் நேசனும் இதே வழியில்தான் எழுத்தாளர்களை உண்டாக்கிற்று. 1950-இல் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதில் ‘கதை வகுப்பு’ நடத்தினார்கள். கதை எழுதுவது எப்படி என்று பாடம் சொல்லிக்கொடுத்து வாசகர்களை எழுத வைத்தார்கள். வாத்தியார் வேலையைப் பத்திரிகை செய்தது என்று நான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அந்தப் பெண், "அப்ப நான் எழுதுறத நிறுத்திட்டு மத்தவங்கள எழுத வைக்கணுமா சார்?" என்றாள்.

"நீயும் எழுது. உன் கவிதை மூன்று போதாது என்று நான் சொல்லவில்லை. மூன்றில் இரண்டை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள் என்கிறேன்" என்றேன். அழுத முகத்தோடு சிரித்தாள்.

இரண்டாம் ஏட்டை வேறு மாதிரி செய்தோம். நாற்பது படி வேண்டாம், பன்னிரண்டே போதும் என்று முடிவு செய்தோம். ஒரு படிக்கு நான்கைந்து வீடு. படித்தவர்கள் அடுத்த வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். கையில் திணிக்காமல், மக்கள் காத்திருக்கிற இடங்களில் வைத்தோம். மளிகைக் கடைப் பலகையில் ஒன்று, தொழிற்சாலை பஸ் நிற்கிற இடத்தில் ஒன்று, முடிதிருத்தும் கடையில் ஒன்று, கோயில் மண்டபத்தில் ஒன்று. எழுத்துத் தெரியாத பெரியவர்களுக்காக வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உரக்கப் படிக்கும். ஒருவர் படிக்கப் பலர் கேட்பது நம் தோட்டங்களுக்குப் புதிதா என்ன? அந்தக் காலத்தில் கடைவாசலில் பத்திரிகை படித்தது அப்படித்தானே!

உள்ளே என்ன எழுதினோம்? பன்னிரண்டு வயதானதும் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுக்க வேண்டும், அதற்கு எங்கே போவது, என்ன பத்திரம் கொண்டுபோவது என்று அரைப் பக்கம். ஊழியர் சேமநிதியில் தமக்குப் பின் பணத்தைப் பெற வேண்டியவரின் பெயரைப் பதிந்து வைக்காமல் ஒருவர் இறந்துவிட்டால் குடும்பம் எப்படி அலைய நேரிடும் என்று இன்னோர் அரைப் பக்கம். யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் தேர்வில் தேறினார்கள், யார் பட்டணத்துக்குக் குடிபோனார்கள் என்று ஒரு பக்கம். அவள் கவிதை ஒன்று. மாதத்தின் முதல் ஞாயிறு காலை ஏடு வந்துவிட வேண்டும் என்று நாள் குறித்தோம். மழை பெய்தாலும், இரவு வேலை முடிந்து வந்தாலும் அந்த நாளை அவள் தவறவிடவில்லை. மூன்றாம் மாதம் சில பேர் ஞாயிறு காலையில் கடைக்கு வந்து, "ஏடு வந்துருச்சா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். வளர்ச்சி என்பதை அன்றுதான் கண்ணால் கண்டோம்.

இனி என் தவறுக்கு வருகிறேன்.

நான்காம் ஏட்டுக்கு உதவ இளைஞன் ஒருவன் வந்து சேர்ந்தான். துடிப்பான பையன். "சாதாரணச் செய்தி போட்டா எப்ப சார் வளரும்? கொஞ்சம் காரம் வேணும்" என்று சொல்லி, ‘காற்றோடு வந்த சேதி’ என்று ஒரு மூலை எழுதினான். எந்த லயம் என்று குறிப்பிட்டு, அங்கே ஒரு குயில் கூட்டை விட்டுப் பறக்கப் போவதாக இரண்டு வரி. பெயர் இல்லை. பெயர் எதற்கு? எல்லாருக்கும் ஆள் தெரியும்.

படி எடுக்கும் முன் அந்தப் பெண் அதை என்னிடம் கொண்டுவந்தாள். "போடலாமா சார்?" என்று தயங்கித்தான் கேட்டாள். நான் தேர்வுத் தாள் திருத்திக்கொண்டிருந்தேன். படித்தேன். சிரித்தேன். "பெயர் இல்லையே, போடு" என்று சொல்லிவிட்டுத் தாளைத் திருத்தப் போய்விட்டேன்.

அந்த ஞாயிறு பன்னிரண்டு படியும் ஒரு மணி நேரத்தில் பறந்தது. இன்னும் முப்பது வேண்டும் என்றார்கள். கடைக்காரர் தம் செலவிலேயே படி எடுத்துத் தருவதாகச் சொன்னார். பையனுக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை பள்ளி வாசலில் அந்தப் பிள்ளையின் தாயார் நின்றிருந்தார். என்னோடு சண்டை போட வந்திருப்பார் என்று நினைத்தேன். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"சாரு, நீங்க படிச்சுப் பாத்துட்டுத்தான் குடுத்தீங்களாமே?"

அவ்வளவுதான் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

கட்டிக்கொள்ள இருந்தவனைப் பற்றி வீட்டில் பேசி முடிவெடுக்கும் முன்பே ஊர் பேசிவிட்டது. அந்தப் பிள்ளை ஒரு வாரம் வேலைக்குப் போகவில்லை. இருபது ஆண்டுக்கு மேல் சாக்கட்டி பிடித்த கை, இரண்டு வரியைத் திருத்தத் தவறிவிட்டது. நுணலும் தன் வாயால் கெடும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறேன். நான் என் சிரிப்பால் கெட்டேன்.

அன்று மாலையே நானும் அந்தப் பெண்ணும் பையனும் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மன்னிப்புக் கேட்டோம். ஏட்டில் மன்னிப்பு எழுதுகிறோம் என்று பையன் சொன்னான். "வேண்டாம்பா, மறுபடியும் எழுதாதீங்க" என்றார் தகப்பனார். அவர் சொன்னதுதான் சரி. ஆறுகிற புண்ணை விளக்குப் போட்டுக் காட்டுவானேன்? அடுத்த ஏட்டில் அந்த மூலை இல்லை. யாரையும் குறித்துச் சாடை எழுத மாட்டோம் என்று ஒரு வரி மட்டும் போட்டோம்.

முப்பது படி கேட்டவர்கள் எங்கே போனார்கள் தெரியவில்லை. காரம் தேடி வந்தவர்கள் காரம் இல்லாததும் போய்விட்டார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. முன்பு ஆவலோடு வாங்கியவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். "நம்ம வீட்டு விசயத்தையும் போட்டுடுவாங்களோ?" என்ற பயம். கடைப் பலகையில் வைத்த படி ஞாயிறு மாலை வரை மடிப்புக் கலையாமல் கிடந்தது. கச்சான் பொட்டலமானபோது அழுத பெண், இந்த முறை அழவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அப்போது ஏட்டைக் காப்பாற்றியவர், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு பாட்டி. முப்பது ஆண்டுக்கு மேல் பால்மரம் வெட்டியவர். வெள்ளிக்கிழமை வாசிப்பை விடாமல் வந்து கேட்பவர். ஒரு நாள் முந்தானையில் சுற்றி ஒரு பழைய புகைப்படத்தைக் கொண்டுவந்தார். பிரட்டுக் களத்தில் விடியற்காலையில் எடுத்த படம். தலையில் விளக்கும் கையில் வாளியுமாக இருபத்துமூன்று பேர்.

"இதுல இருக்கறவங்க பேரெல்லாம் எழுதுவியா ஆயி? நான் போய்ட்டா சொல்றதுக்கு ஆளில்ல" என்றார்.

பதினான்கு பேரின் பெயர் பாட்டிக்கு நினைவிருந்தது. எந்த நிரையில் வெட்டினார்கள், யாருக்கு எத்தனை பிள்ளை என்றெல்லாம் சொன்னார். அந்தப் பெண் அனைத்தையும் எழுதினாள். படத்தைப் போட்டு, ஒவ்வொரு முகத்துக்கும் எண் கொடுத்து, தெரிந்த பெயர்களை எழுதி, மீதி ஒன்பது எண்ணுக்கு நேராக இடத்தை வெறுமையாக விட்டாள். "இவர்கள் யார்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தாள்.

அந்தப் பக்கத்தை யாரோ கைப்பேசியில் படமெடுத்துப் பட்டணத்து உறவினருக்கு அனுப்ப, அது வாட்ஸாப் வழியாக எங்கெங்கோ போயிற்று. "ஏழாம் நம்பர் எங்க அப்பா" என்று ஒருவர். "பன்னிரண்டாவது நிற்கறது எங்க சின்னம்மா, இந்தப் படம் எங்க வீட்டுல இல்லயே, ஒண்ணு குடுப்பீங்களா?" என்று இன்னொருவர். கடிதமே எழுதிப் பழகாத ஒரு தாத்தா, பேரனிடம் சொல்லி இரண்டு பக்கம் எழுதி அனுப்பினார். இரண்டு மாதத்தில் ஏழு பெயர் கிடைத்துவிட்டது. இன்னும் இரண்டு முகத்துக்குப் பெயர் கிடைக்கவில்லை. ஒவ்வோர் ஏட்டிலும் அந்த இரண்டு எண்ணையும் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். அந்த லயங்களை இடிக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. இடிக்கும் முன் அந்த இருவர் பெயரும் கிடைத்துவிட வேண்டும் என்று பாட்டிக்கு ஆசை.

இன்று அந்த ஏடு அறுபது படி போகிறது. அதில் பாதி, தோட்டத்தை விட்டுப் போனவர்களுக்கு. பெரிய எண்ணிக்கை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அறுபதையும் யார் யார் படிக்கிறார்கள் என்று எங்களுக்குத் தெரியும். மாதம் நாலைந்து பேராவது எழுதுகிறார்கள். காரம் கேட்ட அந்தப் பையன்தான் இப்போது வீடு வீடாகப் போய்ப் பெரியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வருகிறான். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டி, சரி என்று சொன்ன பிறகே ஏட்டில் சேர்க்கிறான்.

கடிதம் போட்ட அம்மையாருக்கும், உங்கள் தோட்டத்து இளைஞர்களுக்கும் நான் சொல்ல விரும்புவது இதுதான். வாசகரைத் தேடி அலையாதீர்கள். அவரிடம் போய், "நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதுகிறோம்" என்று கேளுங்கள். சொன்ன நாளில் ஏட்டைக் கொண்டுவாருங்கள். நாலு பக்கம் முடியாவிட்டால் இரண்டு பக்கம் போதும், நாள் தவற வேண்டாம். ஒரு வீட்டுக்காவது அந்த மாதம் உதவுகிற செய்தி ஒன்று இருக்கட்டும். ஒரு வரியைப் போடும் முன், அந்த வீட்டுத் தாய் பள்ளி வாசலில் வந்து நின்றால் அவர் முகத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். முடியாது என்றால் எடுத்துவிடுங்கள்.

இன்னொன்று. கையால் எழுதி வீட்டுக்கு வீடு கைமாற்றுவது வேறு. அச்சிட்டு இதழாக வெளியிட்டு விற்பது வேறு. மலேசியாவில் 1984-ஆம் ஆண்டின் அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அதற்கு உள்துறை அமைச்சின் அனுமதி வேண்டும். ஏட்டை அந்த அளவுக்கு வளர்க்க எண்ணுகிறவர்கள் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி வாசலில் வந்து நின்ற அந்தத் தாயார் இன்றுவரை எங்கள் ஏட்டை வாங்குவதில்லை. அவர் மகளுக்கு நல்லபடியாகத் திருமணம் முடிந்துவிட்டது. திருமணச் செய்தியை ஏட்டில் போடலாமா என்று கேட்டுப் போக எங்களுக்கு முகமில்லை, போடவில்லை. மற்ற வீட்டுத் திருமணச் செய்திகளை எழுதும்போதெல்லாம் அந்த ஒரு செய்தி விட்டுப்போனது என் நினைவுக்கு வருகிறது.

உங்கள் தோட்டத்திலும் பழைய புகைப்படம் ஏதாவது பெட்டியில் கிடக்கும். இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். அதில் இருப்பவர்களின் பெயர் தெரிந்தவர் இன்னும் இருக்கிறாரா என்று கேளுங்கள். இருந்தால், உங்கள் ஏட்டின் அடுத்த பக்கம் அங்கே காத்திருக்கிறது.